பின்மூடியின் உட்பக்கம்

“மூடியைத் திறக்கத் தெரிஞ்சவன் ஆயிரம் பேரு” என்று எங்கப்பா ஒன்று சொல்வார். அதற்கு இன்னொரு பாதி உண்டு. அதை நான் மறந்து ரொம்ப வருஷமாகிறது. பதினைந்து நாளைக்கு முன்னால் வேறொருவர் என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்துகொண்டு ஞாபகப்படுத்தினார். அது பிறகு.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் பஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்திருக்கிறீர்கள், சட்டைக்கை மேலே ஏறியிருக்கிறது, நான் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கழற்ற வேண்டாம். இங்கிருந்தே தெரிகிறது. வாட்சின் டயலில் எழுத்தைப் பிற்பாடு யாரோ மறுபடி அடித்திருக்கிறார்கள். எழுத்தின் ஓரமெல்லாம் ஊறியிருக்கிறது பாருங்கள், மைக்கூடு கவிழ்ந்த நோட்டு மாதிரி. சுவிஸ்காரன் அப்படி எழுத மாட்டான். மாமனார் கொடுத்ததா? கொடுக்கும்போது அவருடைய அப்பா கட்டியது என்று சொன்னாராக்கும். சொல்வார்கள். எல்லா மாமனாரும் சொல்வதுதான்.

முகத்தை ஏன் அப்படி வைத்துக்கொள்கிறீர்கள்? மதுரை வர மூன்று மணி நேரம் கிடக்கிறது. இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு போவதற்கு உண்மையைப் பேசிக்கொண்டு போகலாம். தூத்துக்குடியில் என்னோடு பேசுவதற்கு இப்போது ஆள் இல்லை. முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருக்கிறார்களே, பச்சைச் சேலையும் இன்னொன்றும், ஏறும்போது என்னைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கவனித்தீர்களா? நான் கவனித்தேன். கவனிப்பதுதான் என் தொழில்.

என் பெயர் ஆசீர். துபாயில் இருபத்திரண்டு வருஷம் வாட்ச் சர்வீஸ் சென்டரில் இருந்தேன். சுவிட்சர்லாந்தில் எட்டு மாதம் படிக்க அனுப்பினார்கள். பாதி நாள் ரிப்பேர், மீதி நாள் பழைய வாட்சைப் பார்த்து, இது அசல்தானா, எந்த வருஷம், எங்கே விற்றது, உள்ளே எதை மாற்றினார்கள் என்று அறிக்கை எழுதும் வேலை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஊருக்கு வந்துவிட்டேன். நானாகத்தான் வந்தேன். ஒரு பெரிய இடத்து வாட்ச், அறிக்கையில் ஒரே ஒரு வரியை மாற்றச் சொன்னார்கள். நடக்காததை எழுதி என் கையெழுத்தைப் போட மாட்டேன் என்றேன். மேனேஜர் சிரித்தான். அவன் மலையாளி, சிரித்துக்கொண்டேதான் எல்லாம் செய்வான். அடுத்த மாதம் நான் விமானம் ஏறினேன். அதைத்தான் நானாக வந்தேன் என்று சொல்கிறேன்.

என் அறிக்கையில் ஏழு தலைப்பு. கூட்டின் நம்பர், மிஷின் நம்பர், டயல், முள், சாவி, கண்ணாடி. இது ஆறு. ஏழாவது, பின்மூடியின் உட்புற அடையாளங்கள். இது உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஒரு வாட்சை ரிப்பேருக்குத் திறக்கிற மெக்கானிக், மூடுவதற்கு முன்னால் பின்மூடியின் உட்பக்கத்தில் ஊசியால் தன் அடையாளத்தைக் கீறி வைப்பான். ஒரு எழுத்து, ஒரு தேதி. வாட்சைக் கட்டுகிறவனுக்கு அது ஆயுசுக்கும் தெரியாது. அடுத்துத் திறக்கிற மெக்கானிக்குக்கு மட்டும் தெரியும். லண்டனில் கீறுவான், கராச்சியில் கீறுவான். ஐம்பது வருஷ வாட்சைத் திறந்தால் எட்டுப் பத்து கீறல் இருக்கும்.

எங்கப்பாவும் கீறுவார். ஞானதிரவியம் என்று பெயர். பனிமய மாதா கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் நிற்க வேண்டிய கடை. மற்ற எல்லோரும் இங்கிலீஷ் எழுத்தில் கீறுவார்கள். அப்பா தமிழில் ‘ஞ’ போட்டுப் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பார். அந்த எழுத்தில் எத்தனை வளைவு, ஊசியால் அதைக் கீற எவ்வளவு நேரம் பிடிக்கும், யோசித்துப் பாருங்கள். துபாயில் ஒரு நாள் ஒரு கிரேக்கக் கப்பல்காரனுடைய வாட்சைத் திறந்தேன். உள்ளே ‘ஞ’, ஒரு புள்ளி, 1969. என் எதிரே எங்கப்பா உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

இதுவா? நீங்கள் என் கையைப் பார்க்கிறீர்களாக்கும். பாருங்கள். டயலில் பேர் கிடையாது, கூடு சாதாரணக் கூடு. அப்பா தன் கையாலேயே பாகங்களைச் சேர்த்துப் பூட்டிய வாட்ச். நான் துபாய்க்குப் புறப்பட்ட அன்றைக்குத் தன் கையிலிருந்து கழற்றிக் கொடுத்தார். வாரத்துக்கு ஐந்து விநாடிகூடப் பிசகாது. பக்கத்தில் திருகுகிற இந்தச் சாவியை இழுத்தால் விநாடி முள் அப்படியே நிற்கும், பாருங்கள், நின்றதா? ரேடியோவில் மணி அடிக்கும்போது தள்ளிவிட்டால் விநாடி சுத்தமாக ஒத்துப்போகும். சர்வீஸ் சென்டரில் இருந்த வெள்ளைக்காரன் ஒருவன், உள்ளே என்ன மிஷின், திறந்து காட்டு என்று நச்சரித்தான். எங்கப்பாவின் கை இருக்கிறது என்றேன். இன்றைக்கு வரைக்கும் நான் திறந்ததில்லை. இதற்கு அறிக்கை தேவையில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் தோணிக்காரர் சங்கம் என்று ஒன்று உண்டு. கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகிற தோணிகள், அதில் வேலை பார்க்கிறவர்கள். புதுசாக ஒரு கட்டடம் கட்டினார்கள். முன் ஹாலில் ஒரு கண்ணாடி அலமாரி. பழைய திசைகாட்டி, பாய்மரக் கப்பி, போட்டோ எல்லாம் வைப்பதற்கு. நடுத்தட்டில் தண்டல் கஸ்பார் மோத்தாவுடைய வாட்சை வைப்பதாக ஏற்பாடு. தண்டல் என்றால் தோணியின் கேப்டன். ஐம்பத்தெட்டாம் வருஷம் ஒரு மார்கழிப் புயலில், முயல் தீவுக்கு வெளியே ஒரு டச்சுக் கப்பல் தரைதட்டி ஆடிக்கொண்டிருந்ததாம். இவர் நாலு பேரோடு சின்னப் படகில் போய், மூன்று தடவை போய், பதினோரு பேரைக் கரைக்குக் கொண்டுவந்தாராம். அந்தக் கப்பல் கேப்டன் கரையில் மண்டிபோட்டு உட்கார்ந்து, கையில் கட்டியிருந்த வாட்சைக் கழற்றி இவர் கையில் மாட்டிவிட்டானாம். ஊரே சொல்லும். ‘ஆம்’ போட்டுத்தான் நான் சொல்வேன். நான் பார்க்கவில்லை.

சங்கத்துச் செயலாளர் பெலவேந்திரன். என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பு மேலே படித்தவன். அவனிடம் நான்தான் சொன்னேன். “பெலவேந்திரா, சும்மா வாட்சை வெச்சா எவன் நம்புவான்? துறைமுகத்துல இருந்து பெரிய ஆட்கள் வருவாங்க, வெளிநாட்டுக்காரன் வருவான். பக்கத்துல ஒரு சர்ட்டிஃபிகேட் வை. நான் எழுதித் தாரேன். எனக்கு ஒண்ணும் வேண்டாம்.” நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். அவனும் சரி என்று கமிட்டியில் தீர்மானமே போட்டுவிட்டான். பேப்பர் இருந்தால் தண்டல் பேரோடு வாட்ச் அலமாரியில் இருக்கும். பேப்பர் இல்லையென்றால் வாட்சும் வேண்டாம், கதையும் வேண்டாம், அந்தத் தட்டில் வேறு எதையாவது வைத்துக்கொள்ளலாம்.

வாட்ச் தண்டலுடைய மகளிடம் இருந்தது. ஜெசிந்தா டீச்சர். அறுபத்தைந்து வயசு, கணக்கு டீச்சர், ஊரில் பாதிப் பேரின் காதைத் திருகியவர். அவரே கொண்டுவந்து கொடுத்தார். ஒரு பழைய ஜெபமாலைப் பெட்டியில் பஞ்சு வைத்து. “தம்பி, பாத்துத் திறங்க. உங்கப்பா மாதிரியே பதனமாப் பாருங்க” என்றார். அப்போது தம்பி. பதனமாகத்தான் பார்த்தேன்.

கம்பெனி பேரைச் சொல்ல மாட்டேன், பழக்கதோஷம். ஆனால் நல்ல கம்பெனி. கூட்டின் மேல் பட்டை மாட்டுகிற இடத்தில் நம்பர், ஐம்பத்தாறாம் வருஷம். பரவாயில்லையே என்று பின்மூடியைத் திருகிக் கழற்றினேன். மிஷினைப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. நம்பரைப் பார்க்கவே வேண்டாம், ஆனாலும் பார்த்தேன். அறுபத்தாறாம் வருஷம் செய்தது. அதே கம்பெனிதான், ஆனால் மலிவு வரிசை. ஐம்பத்தெட்டில் ஒரு டச்சுக்காரன் கையில் எப்படி அறுபத்தாறாம் வருஷ மிஷின் ஓடும்? எங்கள் தொழிலில் இதைக் கலியாணம் என்போம். கூடு ஒரு வீடு, மிஷின் ஒரு வீடு.

எனக்கு உடம்பெல்லாம் ஒரு சுறுசுறுப்பு வந்தது. அதை எப்படிச் சொல்வது? நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள்? எல்.ஐ.சி.யா? அப்படியென்றால் உங்களுக்குத் தெரியும். ஒருத்தன் எழுதிக் கொடுத்த வயசும் உண்மை வயசும் ஒத்துவராத இடத்தில் விரல் போய் நிற்கும்போது வருமே, அது. கம்பெனிக்கு இரண்டு நம்பரையும் மெயிலில் அனுப்பினேன். பழைய ரெஜிஸ்டரைப் பார்த்துப் பதில் போடுவார்கள், நாலைந்து வாரமாகும். அதற்காக நான் காத்திருக்கவில்லை. காத்திருக்க என்ன இருக்கிறது?

பின்மூடியைப் பார்த்தாயா என்று யாராவது கேட்டால், பார்த்தேன். மேசையில் கவிழ்த்து வைத்திருந்தேன். பார்த்ததாகத்தான் ஞாபகம்.

சங்கத்துக் கூட்டத்தில் வாசித்தேன். தனியாக டீச்சரிடம் சொல்லியிருக்கலாமே என்று பெலவேந்திரன் பிறகு என்னைப் பிடித்துக்கொண்டான். தனியாகச் சொல்வது என்பது பேரத்துக்கு வழி. துபாயில் அதைத்தான் நான் பார்த்தேனே. ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். டீச்சர் முன்வரிசையில். நான் ஒவ்வொரு தலைப்பாக வாசித்துக்கொண்டு வந்தேன். பின்னாலிருந்து ஒரு கிழவர் சத்தம் கொடுத்தார்.

“ஏல, வாட்சு ஓடுதா ஓடலையா, அதச் சொல்லு.”

எல்லோரும் சிரித்தார்கள்.

“ஓடுது தாத்தா” என்றேன். “ஆனா ஓடுறது அந்த வாட்ச் இல்ல.”

சிரிப்பு நின்றுவிட்டது. டீச்சர் எழுந்தார். அவர் எழுந்தால் வகுப்பறை மாதிரி ஆகிவிடும் எந்த இடமும்.

“எங்கப்பா பொய் சொன்னாருன்னு சொல்லுதீங்களா?”

“நான் சொல்லல டீச்சர். நம்பர் சொல்லுது.”

“நம்பரு எனக்கும் தெரியும். நாப்பது வருஷம் அதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். மிஷினு எப்படி மாறிச்சு, அதச் சொல்லுங்க.”

“அது எனக்கு எப்படித் தெரியும்? கொழும்புக்குப் போய்வந்த ஆள். கொழும்புல நல்ல மிஷினுக்கு நல்ல விலை. வித்திருக்கலாம்.”

இதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்கிறான் பெலவேந்திரன். கேள்வி கேட்டார், பதில் சொன்னேன். ‘வித்தார்’ என்று சொல்லவில்லை. ‘வித்திருக்கலாம்’. அறிக்கை எழுதுகிறவனுக்கு இந்த வித்தியாசம் உயிர். டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டார், கண்ணாடியைக் கழற்றிச் சேலை முந்தானையில் துடைத்தார், நடுவழியில் நடந்து வெளியே போனார். வாட்சை எடுத்துக்கொள்ள மறந்து திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார். அந்த இரண்டாவது தடவை நடந்தபோதுதான் ஹாலில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். எனக்காக எழுந்திருக்கவில்லை என்று தெரியும்.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது. டீக்கடையில் நுழைந்தால், “ஆசீர் அண்ணாச்சி, இந்த டீ ஒரிஜினலான்னு பாத்துச் சொல்லுங்க, பாலு ஒரு வீடு டிகாஷன் ஒரு வீடு.” மீன் மார்க்கெட்டில் சீலா மீனை உயர்த்திப் பிடித்து, “சுவிஸ்ல நம்பரு கேட்டு எழுதியிருக்கோம், பதிலு வரட்டும், பொறவு வாங்குங்க.” சலூனில் எனக்கு முன்னால் வந்தவன், பின்னால் வந்தவன் எல்லோருக்கும் வெட்டிவிட்டுக் கரண்ட் இல்லை என்கிறான். கத்திரிக்கோலுக்கு எதற்கய்யா கரண்ட்? ஊரில் காலம் பொன் போன்றது என்று சுவரில் எழுதி வைப்பார்கள். அந்தக் காலத்தை அளக்கிற பொருளுக்கு என்ன வயசு என்று நிஜத்தைச் சொன்னால் மட்டும் சண்டைக்கு வருவார்கள். நான் வெளியே இருந்த இருபத்திரண்டு வருஷமும் இந்த ஊரைப் பற்றி நல்லதாக நாலு பேரிடம் சொன்னவன். அதெல்லாம் யார் கணக்கில் எழுதுவது?

கொட்டாவி விடுகிறீர்கள். எட்டயபுரம்தான் தாண்டியிருக்கிறது.

பதினைந்து நாளைக்கு முன்னால், சனிக்கிழமை பகல், டீச்சர் என் வீட்டுக்கு வந்தார். வாங்க என்றேன். உட்காரச் சொல்லும் முன்னாலேயே உட்கார்ந்தார். ஜெபமாலைப் பெட்டியை மேசையில் வைத்தார். இப்போது தம்பி இல்லை.

“மிஸ்டர் ஆசீர், நான் சண்டைக்கு வரல. ரெண்டு விஷயம் சொல்லணும், கேட்டுக்கோங்க. இந்த வாட்சு எங்க வீட்ட விட்டு வெளிய போனது ஒரே ஒரு தடவ. எனக்குப் பன்னெண்டு வயசு. தண்ணி எறங்கி நின்னு போச்சு. அப்பா என்னையும் கூட்டிக்கிட்டுப் போய் ரிப்பேருக்குக் குடுத்தாரு. எங்க குடுத்தாரு தெரியுமா?”

“தெரியாது.”

“உங்கப்பா கடையில.”

அந்த ஊரில் அப்போது இருந்தது மூன்று கடை. அதில் ஒன்று. இதில் என்ன இருக்கிறது?

“ரெண்டாவது விஷயம். அந்த வாட்சுல சாவிய இழுத்தா விநாடி முள்ளு அப்படியே நிக்கும். துறைமுகத்துச் சங்கு ஊதும்போது அப்பா என்னைத்தான் தள்ளச் சொல்லுவாரு. அது எனக்கு வெளையாட்டு. ரிப்பேருக்குப் போய்ட்டு வந்த பொறவு முள்ளு நிக்கல, இழுத்தாலும் ஓடிக்கிட்டே இருந்துச்சு. நான் அழுதேன். அப்பா போய்க் கேட்டாரு. உங்கப்பா சொன்னாரு, பழசாப் போச்சுன்னா அப்படித்தான் தண்டல், மனுசனுக்கே காலு நிக்காது. அப்பா சிரிச்சுக்கிட்டே வந்துட்டாரு. அவருக்கு உங்கப்பாமேல அம்புட்டு நம்பிக்கை.”

மின்விசிறிக் காற்று அன்றைக்குக் கொஞ்சம் அதிகம். கை குளிர்ந்தது. இடது கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

“அம்பது வருஷம் முன்னால நடந்தத ஒரு சின்னப் புள்ள ஞாபகத்த வெச்சு எழுத முடியாது டீச்சர்” என்றேன்.

“எழுத வேண்டாம். உங்கப்பாவே எழுதி வெச்சிருப்பாரு. அன்னைக்கு அவரு ஊசிய வெச்சு மூடியில கீறும்போது நான் பக்கத்துல நின்னேன். என்ன மாமா எழுதுதீங்கன்னு கேட்டேன். அப்போ ஒண்ணு சொன்னாரு. ‘மூடியைத் திறக்கத் தெரிஞ்சவன் ஆயிரம் பேரு பாப்பா, திறந்தது நான்தான்னு எழுதி வைக்கிறவன் ஒருத்தன்.’ அதான் சொல்லுதேன், திறந்து பாருங்க.”

அந்த இன்னொரு பாதி இதுதான். எங்கப்பா சொன்னதை எனக்கு இன்னொருத்தி வந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

திறந்தேன். திறக்காமல் என்ன செய்ய? லூப் என்கிற பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு மூடியை விளக்குக்குக் கீழே சாய்த்தேன். சாய்த்தால்தான் கீறல் தெரியும். நேராகப் பிடித்தால் தெரியாது, அதனால்தான் முதல் தடவை யாருக்கும் தெரிந்திருக்காது. ‘ஞ’. ஒரு புள்ளி. 14-3-72. வேறு ஒரு அடையாளமும் இல்லை. எங்கப்பாவுக்கு முன்னாலும் யாரும் திறக்கவில்லை, பின்னாலும் யாரும் திறக்கவில்லை.

“என்ன இருக்கு?” என்றார்.

“கீறல்.”

“என்ன கீறல்?”

“பழைய கீறல்.”

“அந்தக் கண்ணாடியக் குடுங்க, நானும் பாக்கேன்.”

“பழக்கம் இல்லாதவங்க போட்டா கண்ணுக்கு ஆகாது டீச்சர். கண்புரை ஆபரேஷன் பண்ணுன கண்ணு வேற.”

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கரும்பலகையில் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டு நிற்கிற பையனைப் பார்ப்பது போல. திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

“எங்கப்பா பேரு அலமாரியில இருக்கணும்னு கூட எனக்கு ஆசை இல்ல” என்றார். “வித்துட்டாருன்னு சொன்னீங்க பாருங்க, அது மட்டும் இருக்கக் கூடாது. எழுபத்திரண்டுல ரிப்பேருக்குப் போன இடத்துல மிஷினு மாறியிருக்கு, அப்படின்னு ஒரு வரி. யாரு மாத்துனான்னு எழுத வேண்டாம். எனக்கு அது தேவையில்ல. வாட்சு உங்ககிட்டயே இருக்கட்டும், நல்லாப் பாருங்க. வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்குப் பெலவேந்திரனையும் கூட்டிட்டு வாறேன்.”

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “உங்கப்பா நல்ல மனுசன்தான்” என்றார். “இப்பவும் அப்படித்தான் சொல்லுவேன்.” இந்தப் பேச்சுதான் எனக்கு ஆத்திரம். எங்கப்பாவுக்கு இவர் சர்ட்டிஃபிகேட் கொடுக்கிறாராம்.

செவ்வாய்க்கிழமை கம்பெனியிலிருந்து பதில் வந்தது. கூடு ஐம்பத்தாறில் ராட்டர்டாமில் ஒரு கடைக்குப் போயிருக்கிறது. அதாவது டச்சுக்காரன்தான். அதற்குள் வைத்து அனுப்பிய மிஷினின் நம்பரைக் கொடுத்திருந்தார்கள். கப்பல் அதிகாரிகளுக்கென்று தனியாகச் சரிபார்த்த வரிசை, சாவியை இழுத்தால் விநாடி முள் நிற்கும் அமைப்பு உள்ளது என்று ஒரு குறிப்பு. அந்த மிஷின் இப்போது எங்கே இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறோம், தகவல் இருந்தால் எழுதவும் என்று மரியாதையாக முடித்திருந்தார்கள். நான் பதில் எழுதவில்லை. எனக்கு எப்படித் தெரியும்?

நான் யோசிக்காமல் இல்லை. மூன்று நாள் யோசித்தேன். ஒரு மெக்கானிக் மிஷினை எடுத்துவிட்டால் தன் பேரைக் கீறி வைப்பானா? சொல்லுங்கள். நீங்கள் எல்.ஐ.சி., இந்த மாதிரி எத்தனை பார்த்திருப்பீர்கள். பொய் பில் போடுகிறவன் அதன் அடியில் தன் சொந்தக் கையெழுத்தைத் தேதியோடு போடுவானா? ஆகவே அப்பா எடுக்கவில்லை. இது தர்க்கம். கீறியிருக்கிறார், ஆகவே நேர்மையானவர். வேறு யாரோ, வேறு எப்போதோ. வேறு யாரும் திறந்த அடையாளம் இல்லையே என்பீர்கள். அடையாளம் வைக்காமல் திறந்திருப்பான். ஆயிரம் பேரில் ஒருத்தன்தானே எழுதி வைப்பான், அப்பாவே சொல்லியிருக்கிறார்.

ஆனால் ஊர் அப்படி யோசிக்காது. அந்த ஒரு வரியை எழுதினால், எழுபத்திரண்டில் எந்தக் கடை என்று கேட்பார்கள். மூடியைத் திருப்பினால் ‘ஞ’. அந்த எழுத்தில் பேர் தொடங்குகிற வாட்ச் மெக்கானிக் அந்த ஊரில் எத்தனை பேர்? டீக்கடையில் நாளைக்கு என்ன சொல்வார்கள் என்று எனக்கு இப்போதே கேட்கிறது. அப்பா செத்துப் பதினாறு வருஷம். அவருடைய அடக்கத்துக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. போனில் பாட்டைக் கேட்டேன், அவ்வளவுதான். தண்டலுக்காவது பேசுவதற்கு மகள் இருக்கிறார், ஊர் இருக்கிறது, எழுந்து நிற்க ஐம்பது பேர் இருக்கிறார்கள். எங்கப்பாவுக்கு யார் இருக்கிறார்கள்?

என்ன? இதைத் திறந்து நம்பரைப் பார்த்தால் முடிந்துபோயிற்றே என்கிறீர்களா? எதை? இதையா? நீங்கள் என்ன பேசுகிறீர்கள். இது அப்பா மூடியது. அவர் மூடியதை நான் திறப்பதா? உங்கள் மாமனார் கொடுத்த வாட்சை நீங்கள் திறந்து பார்த்தீர்களா? நான்தான் சொன்னேன், நீங்களாகப் பார்த்தீர்களா? சட்டைக்கையை இப்போது இழுத்துவிட்டுக்கொண்டீர்கள், அதையும் கவனித்தேன். அவரவர் கையில் இருப்பது அவரவருக்கு.

அருப்புக்கோட்டையில் டீக்கு நிறுத்துவான். நான் இறங்க மாட்டேன், அந்தப் பெண்கள் இறங்குவார்கள். மதுரையில் அண்ணன் தம்பி இரண்டு பேர், ஆளுக்கொரு வாட்சை வைத்துக்கொண்டு, தன்னிடம் இருப்பதுதான் அப்பாவுடையது என்கிறார்கள். அதைப் பார்க்கத்தான் போகிறேன். வெளியூரில் என் பேருக்கு இன்னும் மரியாதை இருக்கிறது.

வெள்ளிக்கிழமை என்ன ஆயிற்று என்கிறீர்களா? பத்து மணிக்கு வருவதாகச் சொன்னார்கள் அல்லவா. எட்டரைக்கு மேசையில் உட்கார்ந்தேன். புதிதாக ஒரு அறிக்கைத் தாளை எடுத்தேன். கூட்டின் நம்பர், ஐம்பத்தாறு. மிஷின் நம்பர், அறுபத்தாறு, கூட்டோடு பொருந்தவில்லை. டயல், முள், சாவி, கண்ணாடி, ஆறு தலைப்பையும் எழுதினேன். எல்லாம் நிஜம், ஒரு எழுத்தைக்கூட யாரும் குறை சொல்ல முடியாது. ஏழாவது தலைப்பில் பேனா நின்றது. நடக்காததை எழுதி நான் கையெழுத்துப் போட்டவன் இல்லை, வேலையை விட்டவன்.

பேனாவை மூடி வைத்தேன். வாட்சைத் திறந்து பின்மூடியைக் கழற்றினேன். பாலிஷ் பேஸ்டைத் துணியில் தொட்டு, உட்பக்கத்தை இருபது நிமிஷம் தேய்த்தேன். விளக்குக்குக் கீழே எல்லாப் பக்கமும் சாய்த்துப் பார்த்தேன். துடைத்தேன். மூடினேன். ஏழாவது தலைப்புக்கு எதிரே ‘அடையாளம் எதுவும் இல்லை’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன்.